அழிய மறுத்த டைரக்டரி

அன்புள்ள குமாருக்கு,

உன் கடிதம் தீபாவளிக்கு முன்பே வந்துவிட்டது. இத்தனை நாள் பதில் போடாததற்குச் சாக்கு எதுவும் இல்லை. வீட்டில் எல்லோரும் நலம், அம்மாவின் முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு டைரக்டரி (கோப்புகளைப் போட்டுவைக்கும் ஃபோல்டர்தான்) என்னை மூன்று நாள் படுத்திய பாட்டை வேறு யாரிடமும் சொல்ல முடியாது என்பதால்தான் இப்போதும் எழுதுகிறேன்.

அலுவலகத்தில், வேறொரு சர்வரின் வட்டை நெட்வொர்க்கில் நம் வட்டுபோலக் காட்டும் என்எஃப்எஸ் 3 வழியாக இணைத்திருக்கும் பொதுச் சேமிப்பில், பழைய லாக் கோப்புகள் கிடந்த ஒரு டைரக்டரியை அழிக்க வேண்டியிருந்தது. உள்ளிருப்பதோடு சேர்த்து அழிக்கும் 'ஆர்எம் -ஆர்எஃப்' கட்டளையைக் கொடுத்தேன். 'டைரக்டரி நாட் எம்ப்டி' என்றது. பட்டியல் காட்டும் 'எல்எஸ்' போட்டால் உள்ளே ஒன்றுமில்லை. மறைந்திருப்பதையும் காட்டும் 'எல்எஸ் -ஏ' போட்டபோதுதான், '.என்எஃப்எஸ்' என்று தொடங்கி வரிசையாகப் பூஜ்யங்களோடு நீண்ட ஒரு பெயர் எட்டிப் பார்த்தது. அதை அழிக்கப் போனால் 'டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி'. பதற்றத்தில் அந்தக் கோப்புக்கு, யாரும் எதுவும் செய்யலாம் என்ற 777 அனுமதி கொடுத்ததை நம் லேப் அண்ணனிடம் சொல்லிவிடாதே. அழிக்கும் உரிமை கோப்பில் இல்லை, அது இருக்கும் டைரக்டரியில் இருக்கிறது என்று எத்தனை முறை மேசையைத் தட்டியிருப்பார்! எல்லா அதிகாரமும் உள்ள ரூட்டாக மாறியும் பார்த்தேன். சர்வரில், வெளியிலிருந்து வரும் ரூட்டின் அதிகாரத்தைப் பறிக்கும் ரூட் ஸ்க்வாஷ் போட்டிருந்ததால், அங்கே நான் வெறும் 'நோபடி'. 'பெர்மிஷன் டினைட்' என்று வாசலிலேயே நிறுத்திவிட்டது.

காரணம் தெரிந்தபோது கோபம் போய்விட்டது. நம் சொந்த வட்டில், திறந்திருக்கும் கோப்பை அழித்தால் பெயர் மட்டும் போகும். கடைசியாகப் பிடித்திருக்கும் புரோகிராம் கைவிடும்வரை ஐநோடு, அதாவது பெயருக்குப் பின்னால் இருக்கும் கோப்பின் பதிவு, உயிரோடு இருக்கும். என்எஃப்எஸ் 3 சர்வரோ எந்தக் கோப்பை யார் திறந்திருக்கிறார்கள் என்ற கணக்கையே வைத்துக்கொள்வதில்லை. ஆகவே நாம் உட்கார்ந்திருக்கும் இயந்திரமே அதை அழிக்காமல் பெயரை மாற்றி ஒளித்துவைத்து, மூடிய பிறகு அழிக்கிறது. 'சில்லி ரீநேம்' என்றே இதற்குப் பெயர்.

பொறுமையிழந்து, வேறொரு இயந்திரத்திலிருந்து அதை அழித்துவிடலாம் என்று விரலை விசைமேல் வைத்துவிட்டேன். அங்கே தடுப்பார் இல்லை, கோப்பு போயிருக்கும். அதில் எழுதிக்கொண்டிருப்பது ஏதேனும் முக்கியமான புரோகிராமாக இருந்திருந்தால், பிடித்திருந்த கோப்பு இப்போது இல்லை என்னும் 'ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்' பிழையோடு நடுவழியில் விழுந்திருக்கும். அதை நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை நிதானமாக, எந்தக் கோப்பை எந்தப் புரோகிராம் திறந்திருக்கிறது என்று காட்டும் 'எல்எஸ்ஓஎஃப்' போட்டுப் பார்த்தேன். பிடித்திருந்தது, கோப்பின் கடைசி வரிகளைத் தொடர்ந்து காட்டும் ஒரு 'டெயில் -எஃப்'. பயனர் பெயர் இருக்கும் இடத்தில் என் பெயர்! செவ்வாய்க்கிழமை ஸ்க்ரீனில் ஓடவிட்டு, மறந்து வீட்டுக்குப் போயிருக்கிறேன். அதைக் கொன்றதும் ஒளிந்திருந்த கோப்பு தானாக மறைந்தது. காலி டைரக்டரியை அழிக்கும் 'ஆர்எம்டைர்' ஒரு வார்த்தை பேசாமல் வேலையை முடித்தது.

நீ போன வருடம் புலம்பிய, சிறுகோட்டில் தொடங்கும் பெயர்கொண்ட அந்தக் காலி டைரக்டரி இன்னும் கிடக்கிறதா? கோட்டைப் பார்த்ததும் கட்டளை அந்தப் பெயரை ஆப்ஷன் என்று எண்ணிக்கொள்கிறது, அவ்வளவுதான். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் சேர்த்து 'ஆர்எம்டைர்' கொடுத்துப் பார். போய்விட்டதா என்று உடனே எழுது.

அன்புடன்,
ரவி