தாய்க்கப்பலுக்கு முன் ஒரு தொலைபேசி

மீன்வளத் துறைப் பொறுப்பில் இருக்கும் ஐயா, அம்மா அனைவருக்கும்,

கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூரிலிருந்து வணக்கம். 2025 நவம்பரில் வந்த ஆழ்கடல் விதிகளில் தாய்க்கப்பல், குட்டிப் படகு என்று எழுதியிருக்கிறீர்கள். குட்டி பிடிக்கிற மீனைத் தாய் நடுக்கடலிலேயே வாங்கிக்கொள்ளும். நல்லது. அதற்கு முன் எங்கள் தூண்டில் படகுகளுக்குப் பேச ஒரு தொலைபேசி கொடுங்கள்.

போன தங்கலில், அதாவது பல நாள் கடலில் தங்கிப் பிடிக்கிற பயணத்தில், என் தம்பியின் உள்ளங்கையில் சுறாத் தூண்டில் ஏறிவிட்டது. கரைக்கு இரண்டு நாள் ஓட்டம். அறுத்து எடுத்தார்கள். மறுநாள் கை வீங்கிக் காய்ச்சல். எந்த மாத்திரை கொடுப்பது என்று படகை ஓட்டும் ஸ்ராங்கு வயர்லெஸில் கேட்டார். வயர்லெஸ் எட்டுகிற தூரம் உங்களுக்கே தெரியும். படகு விட்டுப் படகு சொல்லி, செல்போன் டவர் கிடைத்த ஒரு படகிலிருந்து எனக்குத் தகவல் வந்தது. டாக்டரிடம் ஓடினேன். "வீக்கம் முழங்கை வரை ஏறியிருக்கா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி ஆறு படகு தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது, "முழங்காலில் வீக்கமான்னு கேக்காங்க" என்றாகிவிட்டது. அவனோ மீனுக்கு வைத்த ஐஸில் கையைப் புதைத்துக்கொண்டு கிடந்திருக்கிறான்.

சாட்டிலைட் வழியாகத் துண்டுச் செய்தி அனுப்புகிற டிரான்ஸ்பாண்டர் கருவி இருக்கிறதே என்பீர்கள். துண்டுச் செய்தியில் டாக்டரோடு பேச முடியாது, ஐயா. குரல் வேண்டும். 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகும் இதையேதான் கேட்டோம். நாங்களே சாட்டிலைட் போன் வாங்கலாமென்றால், அனுமதியில்லாமல் வைத்திருந்தால் கேஸ்.

வெளிநாட்டுச் சூரை மீன் கப்பல்களில் மீன்கூட்டம் தேட ஹெலிகாப்டரே நிற்கிறது. கணவாய் மீன் பிடிக்கும் கப்பல்களின் விளக்கு வெளிச்சம் விண்வெளிக்குத் தெரிகிறது. அதெல்லாம் நாங்கள் கேட்கவில்லை. ஆனால் அங்கேயும் நடுக்கடலில் மீனை ஏற்றிப்போகக் குளிர்பதனக் கப்பல் வருகிறது. அதனாலேயே வருஷத்துக்கு மேல் கரையைப் பார்க்காத ஆட்கள் உண்டு. எங்களுக்கு நாற்பது நாளில் ஐஸும் டீசலும் தீர்கிறது, அதனால் வீடு திரும்புகிறோம். தாய் வந்து மீனை வாங்கி, ஐஸும் டீசலும் கொடுத்துவிட்டால் குட்டிக்குக் கரையில் என்ன வேலை? பெயர் வைத்த புண்ணியவான்கள் இதையும் யோசித்திருப்பீர்கள்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: படகுக்கு ஒரு தொலைபேசி, ராத்திரியும் எடுக்கிற ஒரு டாக்டர். தாய்க்கப்பல் மெதுவாக வரட்டும்.

வருகிற வெள்ளிக்கிழமை தம்பி மறுபடியும் கடலுக்குப் போகிறான். இரண்டு விரல் இன்னும் மடங்கவில்லை.

இப்படிக்கு,
தூண்டில் படகுப் பங்காளி ஒருவர்