மேலே படித்த நர்ஸ் நோயாளியை விட்டுப் போக வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் ஊர் நர்சுகள் வெளிநாடு போவதைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். சம்பளம்தான் காரணம் என்று எழுதியிருந்தார்கள். அது உண்மைதான். ஆனால் 23 வருடமாக இந்த வேலையில் இருக்கிறவள் என்ற முறையில் இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும். இங்கே ஒரு நர்ஸ் மேலே படித்தால் நோயாளியை விட்டு விலகித்தான் போக வேண்டியிருக்கிறது. எம்.எஸ்சி. நர்சிங் முடித்த யாரையாவது விசாரித்துப் பாருங்கள், பெரும்பாலும் ஏதாவது ஒரு நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருப்பார். சமுதாய சுகாதார நர்சிங்கில் எம்.எஸ்சி. வாங்கியவர்கூடக் கிராமத்துக்கு வருவதில்லை, ஏனென்றால் அந்தப் படிப்பைக் கேட்கிற பதவி எதையும் நான் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் (பி.எச்.சி.) பார்த்ததில்லை.

என் அக்கா மகள் அமெரிக்காவில், டெக்சாசில் ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர் படிக்கிறாள். குழந்தை முதல் கிழவர் வரை ஒரு குடும்பத்தில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் பார்த்து, பரிசோதித்து, மருந்து எழுதுகிற நர்ஸ். 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற பொதுச் சுகாதார நர்சும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து ஆரம்பித்த பயிற்சியிலிருந்து வளர்ந்த படிப்பு இது. டாக்டர் இல்லாத கிராமங்களில் வேலை பார்த்த அனுபவத்திலிருந்துதான் அந்த அம்மாவுக்கு இந்த யோசனை வந்தது. 2025 ஜனவரியில், 104 வயதில் இறந்துபோனார்.

போன மாதம் அக்கா மகள் போனில் ஒரு கேஸ் சொன்னாள். மூன்று மாதமாக வறட்டு இருமல் என்று ஒருவர் வந்திருக்கிறார். இவள் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தாள், எக்ஸ்ரேவும் சுத்தமாக இருந்தது. பயிற்சி கொடுக்கிற சீனியர், "அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார், முதலில் அதைப் பார்" என்றாராம். பி.பி.க்கு எனாலாப்ரில். அந்த மாத்திரையே சிலருக்கு இருமலைக் கொண்டுவரும். மாத்திரையை மாற்றினார்கள், இருமல் போய்விட்டது. "சித்தி, இனிமே இருமல்னு யார் வந்தாலும் முதல்ல மாத்திரை அட்டையைத்தான் கேட்பேன்" என்றாள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதே எனாலாப்ரில் எங்கள் மருந்தகத்திலும் இருக்கிறது. இத்தனை வருடத்தில் எத்தனை பேருக்கு இருமல் சிரப்பை ஊற்றிக் கொடுத்து அனுப்பியிருப்போம்?

இந்த மாதிரி விஷயத்தைப் புத்தகம் கற்றுக்கொடுக்காது. நோயாளி எதிரில் இருக்க வேண்டும், பக்கத்தில் கேள்வி கேட்க ஒருவர் இருக்க வேண்டும். அங்கே அந்தப் படிப்புக்குக் குறைந்தது 500 மணி நேரம் நேரடியாக நோயாளிகளைப் பார்த்திருக்க வேண்டும் என்று இருந்தது, அது போதாது என்று 2022இல் வந்த புதிய தர விதிகளில் 750 ஆக உயர்த்தியிருக்கிறார்கள். அதற்கு மேல் ஒரு சான்றிதழ்த் தேர்வு, அப்புறம் மாநில உரிமம். டெக்சாசில் ஒரு டாக்டரோடு எழுத்து ஒப்பந்தம் இருந்தால்தான் மருந்து எழுத முடியும், வேறு சில மாநிலங்களில் தனியாகவே எழுதலாம். இவ்வளவு படித்தும் புதிதாக வருகிறவர்கள் திணறுகிறார்கள் என்று 2007இல் கனெக்டிகட்டில் ஒரு சமூக மருத்துவ மையம், படிப்பை முடித்தவர்களுக்கென்றே, வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி பெறுகிற ஒரு வருட ரெசிடென்சி தொடங்கியது. அங்கேயும் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல மாட்டேன். பயிற்சி கொடுக்கிற ஆளை மாணவர்களே தேடிக்கொள்ளச் சொல்கிற கல்லூரிகள் இருக்கின்றன, என் அக்கா மகளே பதினேழு கிளினிக்குக்கு மெயில் போட்டுத்தான் ஒரு இடம் பிடித்தாள். அதை நாம் காப்பியடிக்க வேண்டாம்.

நம் நாட்டில் நர்ஸ் பிராக்டிஷனர் இல்லாமல் இல்லை. தீவிர சிகிச்சைக்கு இரண்டு வருட முதுநிலை ரெசிடென்சியை இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்திருக்கிறது, பிரசவத்துக்கு 18 மாதப் பயிற்சி இருக்கிறது. 2017ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கொள்கையிலேயே நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பெயர் வருகிறது. ஆனால் ஐ.சி.யூ.வுக்குப் போகாமல் ஒருவரைத் தடுக்கிற இடத்தில், அதாவது துணை சுகாதார நிலையத்திலும் பி.எச்.சி. ஓ.பி.யிலும் உட்காருகிற நர்சுக்கு என்ன கிடைத்தது? நான் பார்த்தவரை ஆறு மாதச் சான்றிதழ். இப்போது அதையும் பி.எஸ்சி. பாடத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் சுகர் மாத்திரையும் பி.பி. மாத்திரையும் வீட்டுக்கே போகிறது, நல்ல திட்டம், நான் அதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த மாத்திரை இன்னும் இந்த உடம்புக்குச் சரிதானா, அளவைக் கூட்டணுமா குறைக்கணுமா என்று வீட்டு வாசலில் வைத்தே பார்த்துச் சொல்லப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும்.

மருந்து எழுதுகிற அதிகாரத்தை மட்டும் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஏன் என்றால் எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு, மதியம் ஓ.பி. காலியாகிற நேரத்தில், 52 வயது அம்மா ஒருவர் வந்தார், பழைய சுகர் நோயாளி. நெஞ்சு கரிக்குது, தாடை வலிக்குது, நேற்று கல்யாண வீட்டில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றார். நான் கேஸ் மாத்திரையைக் கையில் எடுத்துவிட்டேன். மறந்துபோன போனை எடுக்கத் திரும்பி வந்த டாக்டர் அவர் கழுத்தில் வியர்வையைப் பார்த்துவிட்டு உடனே ஈ.சி.ஜி. போடச் சொன்னார். ஹார்ட் அட்டாக். 108இல் ஏற்றி அனுப்பினோம், பிழைத்துக்கொண்டார். இப்போதும் மாதாமாதம் மாத்திரை வாங்க வருகிறார், வந்ததும் "சிஸ்டர், நல்லா இருக்கீங்களா" என்று என் கையைப் பிடித்துக்கொள்கிறார். அந்தப் போன் மேஜையில் இல்லாமல் இருந்திருந்தால்?

"அரை டாக்டர்களை உருவாக்குகிறார்கள்" என்று டாக்டர்கள் சிலர் பயப்படுவது எனக்குப் புரிகிறது. அரைகுறைப் பயிற்சியோடு அனுப்பினால் அது நியாயமான பயம். 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32வது பிரிவில் சமுதாய சுகாதார வழங்குநர் என்ற இடைநிலைப் பணியாளருக்கு, குறிப்பிட்ட மருந்துகளை எழுத வரம்புக்குட்பட்ட உரிமம் தர இடம் இருக்கிறது, அந்த உரிமம் பெற்ற ஒரு நர்சை நான் இதுவரை பார்த்ததில்லை. சட்டத்தில் வழி இருக்கும்போது, அதற்கு ஏற்ற இரண்டு வருடப் படிப்பைத் தமிழ்நாட்டிலேயே தொடங்கலாம். அரசு மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த நர்சிங் கல்லூரிகளில் வருடத்துக்குப் பத்துப் பத்து இடம் போதும், பாதி நாள் பி.எச்.சி.யில் ஒரு மருத்துவ அலுவலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நோயாளி பார்க்கட்டும், எதை எழுதலாம், எதை உடனே மேலே அனுப்ப வேண்டும் என்று எழுத்தில் இருக்கட்டும். முக்கியமாக, படித்து முடித்ததும் அதே பி.எச்.சி.யில் அந்தப் பெயரில் ஒரு பதவி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இதைப் படித்தவர்களும் கல்லூரிக்கோ விமான நிலையத்துக்கோதான் போவார்கள்.

எனக்கு 47 வயது. பணியில் இருப்பவர்களுக்கு வயது வரம்பைத் தளர்த்தினால் நானும் விண்ணப்பிப்பேன்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டாஃப் நர்ஸ்,
விருதுநகர் மாவட்டம்