பந்து உருட்டும் பிள்ளைகளுக்கும் வழிவிடுங்கள்

ஆசிரியருக்கு,

பந்தை உருட்டிக் குச்சிகளைச் சாய்க்கும் போலிங் என்றாலே விடுமுறைப் பொழுதுபோக்கு என்று சிங்கப்பூரில் நம்மவர் பலர் ஒதுக்கிவிடுகிறோம். 2002 பூசான் ஆசிய விளையாட்டுகளில் நம் போலிங் வீரர் ரெமி ஓங் 3 தங்கம் வென்ற பிறகும் இந்த எண்ணம் மாறவில்லை என்பதுதான் வேடிக்கை.

பயிற்றுநரிடம் முறையாகக் கற்கும் பிள்ளைகளைச் சற்றுக் கவனியுங்கள். பந்து உருளும் தடத்தில் பூசிய எண்ணெய் ஆட்டம் போகப்போக இடம் மாறும். சற்றுமுன் 10 குச்சிகளையும் சாய்த்த அதே வீச்சு இப்போது பொய்த்துப்போகும். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி பந்தைத் துண்டால் துடைத்துவிட்டு, நிற்கும் இடத்தைச் சற்று இடப்பக்கம் மாற்றிக்கொள்கிறாள். பயிற்றுநர் வாய் திறக்கவே இல்லை. தானாக யோசிக்கும் இந்தப் பழக்கத்தை எந்தத் துணைப்பாட வகுப்பு தரும்?

வேகமாக ஓட முடியாத பிள்ளைக்கும் இங்கே இடமுண்டு. கைவலுவுக்கேற்ற எடையில் பந்து கிடைக்கும். (கனமான பந்தைத் திணிக்கும் பெற்றோரைத்தான் கண்டிக்க வேண்டும்.)

தேசியப் பள்ளி விளையாட்டுகளில் போலிங் உண்டு. ஆனால், இதை இணைப்பாட நடவடிக்கையாக நடத்தாத பள்ளிகள் பல. வெளியே கற்கலாம் என்றால் தடக் கட்டணம், காலணி வாடகை, பயிற்சிச் செலவு எல்லாம் சேர்ந்து சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாவதில்லை. அருகருகே உள்ள பள்ளிகள் கூட்டாகச் சேர்ந்து, கூட்டம் குறைந்த வார நாள் பிற்பகல்களில் தடங்களை வாடகைக்கு எடுத்து, புதியவர்களுக்கென்றே லீக் ஆட்டங்கள் நடத்தலாம். சமூக மன்றங்களும் இதற்குக் கைகொடுக்கலாமே.

ஒரு தந்தை,
ஈசூன்