செய்முறைத் தேர்வில் நிலைமின்னியலுக்கு ஒரு சோதனையாவது வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தில் முதல் பாடமே நிலைமின்னியல்தான், அதாவது ஓடாமல் ஓரிடத்தில் தங்கி நிற்கும் மின்னூட்டத்தைப் பற்றிய பாடம். மின்னூட்டம், மின்புலம், மின்னழுத்தம் எல்லாம் அங்கேதான் தொடங்குகின்றன. அது பிடிபடாத பிள்ளைக்கு அடுத்து வரும் மின்னோட்டமும் காந்தவியலும் வெறும் சூத்திரங்கள்தான். ஆனால் செய்முறைத் தேர்வுப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். மீட்டர் சமனச்சுற்று இருக்கிறது, டேஞ்சன்ட் கால்வனாமீட்டர் இருக்கிறது, நிறமாலைமானி, டையோடு, லாஜிக் கேட் எல்லாம் இருக்கின்றன. முதல் பாடத்துக்கென்று ஒரு சோதனைகூட இல்லை. ஒன்றே ஒன்றையாவது சேர்க்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் சேலத்தில் பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு, கல்யாணமாகி ஏற்காட்டுக்கு வந்தவள். மாலை நேரத்தில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். நாகலூர், மஞ்சக்குட்டை பக்கத்திலிருந்தும் எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். காப்பிப்பழம் பறிக்கவும் மிளகு பறிக்கவும் போகிறவர்களின் பிள்ளைகள். படிப்பில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. மின் இருமுனையின் அச்சுக்கோட்டில் மின்புலம் எவ்வளவு என்று கேட்டால், படம் போட்டு, அம்புக்குறி இட்டு, ஒரு வரி பிசகாமல் எழுதித் தருவார்கள். அதே பிள்ளைகளிடம், "தேய்த்த பிளாஸ்டிக் குழாயை மின்னூட்டமே இல்லாத ஒரு தகர டப்பா பக்கத்தில் கொண்டுபோனால் என்ன ஆகும்?" என்று கேட்டால், "ஒன்றும் ஆகாது மிஸ், டப்பாவில்தான் மின்னூட்டம் இல்லையே" என்கிறார்கள். மின்னூட்டமுள்ள பொருள் பக்கத்தில் வந்தாலே மற்றொரு பொருளில் மின்னூட்டங்கள் இடம் பிரிந்து நிற்கும் என்ற நிலைமின் தூண்டலை அதற்கு முந்தைய வாரம்தான் அவர்கள் மனப்பாடமாக ஒப்பித்திருப்பார்கள்.

குறை பிள்ளைகளிடம் இல்லை. ஆசிரியர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். இந்தப் பாடம் ஜூன், ஜூலையில் நடக்கிறது. அந்த நேரத்தில் ஏற்காட்டில் மத்தியானமே மூட்டம் இறங்கிவிடும். துணி காயாது, தீப்பெட்டி நமத்துப்போகும். ஆசிரியர் ஆசையாகக் கண்ணாடிக் கோலைப் பட்டுத்துணியில் தேய்த்துக் காட்டினால் ஒரு காகிதத் துண்டுகூட அசையாது. காற்றிலுள்ள ஈரம் கோலின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிந்துவிடுகிறது. தேய்த்ததில் சேர்ந்த மின்னூட்டம் அந்தப் படலத்தின் வழியே கைக்கும் தரைக்கும் கசிந்து போய்விடுகிறது. இரண்டு முறை தோற்ற பிறகு எந்த ஆசிரியருக்கும் அதை எடுக்க மனம் வராது. பிள்ளைகளும் புத்தகத்தில் இருப்பது புத்தகத்துக்கு மட்டும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இதற்கு வழி இருக்கிறது, செலவும் பெரிதாக இல்லை. ஒரு மரப்பெட்டிக்குள் அறுபது வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு, குழாயையும் துணியையும் தேய்ப்பதற்கு முன் அதில் சற்று நேரம் வைத்தால் போதும். ஈரப்படலம் போய்விடும். கண்ணாடியையும் பட்டையும் விட, பிளம்பிங் கடையில் மிச்சம் விழும் பி.வி.சி. குழாய்த் துண்டும் கம்பளித் துணியும் நன்றாக வேலை செய்கின்றன. மலையில் கம்பளிக்குப் பஞ்சமா? பழைய குல்லா ஒன்று எல்லார் வீட்டிலும் கிடக்கும். ஜனவரி ராத்திரியில் ஸ்வெட்டரைக் கழற்றும்போது படபடவென்று பொறி பறப்பதை இந்தப் பிள்ளைகள் இருட்டில் பார்த்து வளர்ந்தவர்கள்தான். அதுவும் பாடத்தில் இருப்பதும் ஒன்றுதான் என்று யாராவது கையில் எடுத்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

காலி கூல்டிரிங்ஸ் டின்னுக்கும் இங்கே குறைவில்லை. ஏரிப் பக்கம் சுற்றுலாப் பயணிகள் போட்டுவிட்டுப் போவதே போதும். வழவழப்பான மேசைமேல் ஒரு டின்னைப் படுக்க வைத்து, தேய்த்த குழாயை நான்கு விரற்கடை தூரத்தில் நீட்டினால் டின் குழாயை நோக்கி உருண்டு வரும். குழாயைப் பின்னால் இழுத்துக்கொண்டே போனால் அதுவும் பின்னாலேயே வரும். முதல் தடவை பார்க்கும்போது அறை முழுக்கச் சத்தம். அப்புறம்தான் கேள்வி வரும்: டின்னில் மொத்த மின்னூட்டம் பூஜ்யம், அப்படியிருக்க ஏன் வருகிறது? குழாயில் இருப்பது எதிர் மின்னூட்டம். அது டின்னில் உள்ள எலக்ட்ரான்களைத் தள்ளுகிறது, அவை மறுபக்கம் போகின்றன, குழாயின் பக்கம் நேர் மின்னூட்டம் மிஞ்சுகிறது. ஈர்க்கப்படும் நேர் மின்னூட்டம் கிட்டத்தில், விலக்கப்படும் எதிர் மின்னூட்டம் எட்டத்தில். தூரத்தின் வர்க்கத்துக்குத் தக்கபடி விசை குறையும் என்ற கூலூம் விதி இருப்பதால், கிட்டத்து ஈர்ப்பு ஜெயிக்கிறது. 1785இல் முறுக்குத் தராசை வைத்துக் கூலூம் கண்ட விதியை, குப்பையில் கிடந்த டின் ஒன்று கண் முன்னால் நடத்திக் காட்டுகிறது.

சரி, தேர்வு என்றால் அளவீடு வேண்டும், மார்க் போட வேண்டும், வேடிக்கை காட்டினால் போதாது என்பார்கள். நியாயம்தான். அதற்கும் ஒரு சோதனை சொல்கிறேன்.

அலுமினியத் தாள் சுற்றிய இரண்டு சிறிய தெர்மகோல் உருண்டைகளை முப்பது சென்டிமீட்டர் நைலான் நூலில், ஒரே புள்ளியிலிருந்து, ஒன்றையொன்று தொடும்படி தொங்கவிட வேண்டும். தேய்த்த குழாயால் தொட்டதும் இரண்டுக்கும் ஒரே வகை மின்னூட்டம் ஏறி விலகி நிற்கும். பின்னால் ஒரு ஸ்கேலை வைத்து இடைவெளியைப் படிக்கலாம். உருண்டை ஒவ்வொன்றும் 0.1 கிராம், இடைவெளி 6 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். எடையையும் நூலின் சாய்வையும் கொண்டு கணக்குப் போட்டால் விசை பத்தாயிரத்தில் ஒரு நியூட்டன். கூலூம் விதியில் போட்டால் ஒவ்வோர் உருண்டையிலும் சுமார் 6 நானோ கூலூம். (கூலூம் என்பது மின்னூட்டத்தின் அலகு, நானோ என்றால் அதில் நூறு கோடியில் ஒரு பங்கு.) ஓர் எலக்ட்ரானின் மின்னூட்டம் 1.6 × 10⁻¹⁹ கூலூம் என்பதால், ஏறத்தாழ நாலாயிரம் கோடி எலக்ட்ரான்கள் கூடுதலாக ஏறியிருக்கின்றன. ஒரு ஸ்கேலை வைத்து எலக்ட்ரான்களை எண்ணிவிட்ட பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்!

புத்தகக் கணக்குகளில் ஒரு கூலூம், இரண்டு கூலூம் என்று சர்வசாதாரணமாக வருகிறது. ஒரு கூலூம் வீதம் இரண்டு மின்னூட்டங்களை ஒரு மீட்டர் இடைவெளியில் வைத்தால் விசை 900 கோடி நியூட்டன். அதாவது சுமார் 9 லட்சம் டன் எடை. நானோ கூலூமைக் கையால் அளந்த பிள்ளைக்குத்தான் அந்த எண்ணைப் பார்த்ததும் திடுக்கிடத் தெரியும். மற்றவர்களுக்கு அது விடைத்தாளில் ஒரு வரி.

ஈரத்தில் அளவு மாறுமே என்றால், மாறட்டும். நிமிடத்துக்கு ஒரு தடவை இடைவெளியைக் குறித்து வரைபடம் போடச் சொல்லுங்கள். மின்னூட்டம் எவ்வளவு வேகத்தில் கசிகிறது என்பதும் ஓர் அளவீடுதானே. போதாததற்கு, செய்முறைத் தேர்வு நடப்பது பிப்ரவரி, மார்ச்சில். சேலத்தில் காற்று காய்ந்து கிடக்கும் காலம் அது. மலையிலும் வெயில் இருக்கும். இந்தச் சோதனைக்கு அதைவிடத் தோதான பருவம் கிடையாது.

இதை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் மார்க் மட்டும் இல்லை. சேர்வராயன் மலையில் கோடை மழை இடி மின்னலோடுதான் வரும். காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் மரங்கள் நெடுநெடுவென்று நிற்கின்றன. மழை பிடித்ததும் ஜனங்கள் ஒதுங்குவது அதன் அடியில்தான். மேகத்தின் அடிப்பக்கம் பெரும்பாலும் எதிர் மின்னூட்டம். அதனால் கீழே தரையில் நேர் மின்னூட்டம் தூண்டப்படுகிறது. உயர்ந்து கூராக நிற்கும் எதன் உச்சியிலும் மின்புலம் மிகுகிறது. டின் உருண்ட அதே தூண்டல்தான் இது. மரத்தில் இறங்கும் மின்னல் பக்கத்தில் நிற்பவர் மேலும் தாவும். தரையில் பரவும்போது ஒரு காலுக்கும் மறு காலுக்கும் நடுவே மின்னழுத்த வேறுபாடு வரும். மாடுகளுக்கு முன்கால் பின்கால் இடைவெளி அதிகம் என்பதால் அவற்றுக்கு ஆபத்தும் அதிகம்.

புத்தகத்தில் நிலைமின் தடுப்புறை (உலோகக் கூட்டுக்குள் வெளி மின்புலம் நுழையாது என்பது) என்ற தலைப்பில், இடி மின்னலின்போது திறந்தவெளியிலோ மரத்தடியிலோ இருப்பதைவிடப் பேருந்துக்குள் இருப்பது பாதுகாப்பு என்று ஒரு வரி இருக்கிறது. இரண்டு மார்க் கேள்வியாக அதை எல்லாரும் படிக்கிறார்கள். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் பஸ்ஸுக்கு அது பொருந்தும். தார்ப்பாய் போட்ட எஸ்டேட் ஜீப்புக்குப் பொருந்துமா? பொருந்தாது. சுற்றிலும் உலோகம் இருந்தால்தான் மின்னூட்டம் வெளிப்பரப்போடு போகும். என் பிள்ளைகளில் பலர் ஜீப்பும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

சி.டி.ஆர். வில்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரரைப் பற்றி நான் வருஷா வருஷம் சொல்வேன். 1894 செப்டம்பரில் பென் நெவிஸ் மலையுச்சி வானிலை நிலையத்தில் இருந்தபோது, மேகத்தில் வெயில் பட்டுத் தோன்றிய வண்ண வளையங்களைப் பார்த்து, அந்த மேகத்தை ஆய்வகத்தில் உண்டாக்க முயன்றார். அதிலிருந்து பிறந்ததுதான் மேக அறை. மின்னூட்டத் துகள்கள் போகும் பாதையை அதில் கண்ணால் பார்க்கலாம். அதற்காக 1927இல் நோபல் பரிசை ஆர்தர் காம்ப்டனோடு பகிர்ந்துகொண்டார். 1895 ஜூனில் அதே மலைப்பக்கம் நின்றிருந்தபோது அவருடைய தலைமுடி சிலிர்த்து நின்றது. சுற்றிலும் மின்புலம் வலுத்துவிட்டது என்று உணர்ந்து, கீழே இறங்கி ஓடித் தப்பினார். இடிமேகங்களின் மின்புலத்தை அளப்பதில் அவருக்கு வந்த ஈடுபாடு அங்கே தொடங்கியது. பென் நெவிஸின் உயரம் 1,345 மீட்டர். ஏற்காடு அதைவிட உயரம். எங்கள் வாசலில் இறங்கும் மூட்டம் பாடத்துக்கு இடைஞ்சல் என்று மட்டும் பார்க்காமல், பாடமே அதில்தான் இருக்கிறது என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா?

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளில் வானவில் மன்றம் நடக்கிறது. சின்னப் பிள்ளைகள் எளிய பொருள்களை வைத்துச் சோதனை செய்து பார்க்கிறார்கள். நல்ல காரியம். பிளஸ் டூ வந்ததும் அந்தக் கை ஏன் கட்டப்பட வேண்டும்?

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தார் அடுத்த முறை செய்முறைப் பட்டியலைத் திருத்தும்போது, தொங்கும் உருண்டைச் சோதனையையோ அதைவிட நல்ல வேறொன்றையோ சேர்க்க வேண்டும். 20 மார்க் செய்முறைத் தேர்வில் அது மற்றச் சோதனைகளுக்குச் சமமாக நிற்க வேண்டும். மலைப் பள்ளிகளுக்கு அந்தப் பல்புப் பெட்டியையும் சேர்த்துக் கொடுத்தால் நல்லது. அதுவரை, இதைப் படிக்கும் இயற்பியல் ஆசிரியர்கள் ஜூனில் நடத்திய முதல் பாடத்தை ஜனவரித் திருப்புதலின்போது ஒரு பீரியட் மறுபடி எடுத்து, குழாயும் கம்பளியுமாகச் செய்து காட்டலாம். உருண்டைகளும் நூலும் என்னிடம் இருக்கின்றன. ஏற்காடு வட்டாரத்தில் எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் எடுத்துக்கொண்டு வரத் தயார்.

இப்படிக்கு,
இயற்பியல் டியூஷன் ஆசிரியை ஒருவர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.