சர்வருக்குள் இருப்பவற்றின் பட்டியல் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஓர் இணையதளத்தில் தகவல் திருட்டு நடந்தால் 'ஹேக்கர்கள் கைவரிசை' என்று செய்தி வருகிறது. எந்த வாசல் வழியாக நுழைந்தார்கள் என்பது அதில் அபூர்வமாகவே இருக்கும். சர்வரில் ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாமல் கிடக்கும் பழைய லைப்ரரிதான் (மற்றவர்கள் எழுதி, நம் நிரலில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல்தொகுப்பு) பல முறை அந்த வாசல். மருத்துவமனைப் பதிவு, கல்லூரிச் சேர்க்கை, கட்டணம் வசூலிக்கும் தளம் எனப் பலவும் ஜாவா நிரல்மொழியில் எழுதப்பட்டு டாம்கேட் என்ற சர்வர் மென்பொருளில் ஓடுகின்றன. அவற்றில் நிறுவனம் சொந்தமாக எழுதிய நிரல் கொஞ்சம்தான். மீதியெல்லாம் வெளியிலிருந்து எடுத்துச் சேர்த்த ஜார் கோப்புகள், அதாவது லைப்ரரிகளைப் பொதிந்து வைத்த கோப்புகள். நடுத்தரமான ஒரு தளத்திலேயே அவை எளிதில் நூறைத் தொடும்.

அமெரிக்காவின் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபேக்ஸில் 2017இல் நடந்தது இதற்குச் சரியான பாடம். அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டைக்கு அந்த மார்ச் மாதமே பேட்ச் (அதை அடைக்கும் திருத்தம்) வந்துவிட்டது. ஒரு தளத்தில் அது போடப்படவில்லை. மே மாதம் உள்ளே புகுந்தவர்கள் சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்களை எடுத்துச் சென்றார்கள். பேட்ச் கைக்கு எட்டியும் அதை எந்த சர்வரில் போட வேண்டும் என்று தெரியாமல் போனதுதான் அங்கே கோளாறு.

நிரலில் நடப்பதைக் குறித்து வைக்கும் லாக்4ஜே லைப்ரரியின் ஓட்டை 2021 டிசம்பரில் வெளியானபோதும் இதே கதை. சர்வரில் 'லாக்4ஜே-கோர்' என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கிறதா என்று தேடி, கிடைக்காததால் நிம்மதியடைந்தவர்கள் பலர். வார் கோப்புக்குள் (முழு ஆப்பையும் பொதிந்த கோப்பு) ஜார், ஜாருக்குள் இன்னொரு ஜார் என்று பொதிந்து வைப்பது ஸ்பிரிங் பூட் போன்ற ஜாவா கட்டமைப்புகளில் வழக்கம். வெளியிலிருந்து பெயரைத் தேடினால் அது அகப்படாது. சில தயாரிப்புகள் லைப்ரரியைப் பிரித்து, அதன் கிளாஸ்களை (நிரல் துண்டுகளை) தங்கள் ஜாரிலேயே கலந்துவிடும்; அப்போது கோப்பின் பெயரே மிஞ்சாது. ஜார்களை ஒவ்வொன்றாகத் திறந்து ஓட்டைக்குக் காரணமான 'ஜேஎன்டிஐ லுக்கப்' என்ற கிளாஸ் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அன்று நம்பகமான வழி. போதாக்குறைக்கு முதல் திருத்தமான 2.15.0 முழுமையாக இல்லை. 2.16.0, 2.17.0, 2.17.1 என்று அந்த மாதம் முடிவதற்குள் மேலும் மூன்று வந்தன. 2.15.0 போட்டதோடு வேலை முடிந்தது என்று குறித்துக்கொண்டவர்களுக்கு அதன் பிறகும் ஆபத்து இருந்தது. லைப்ரரியைத் தொடாமல் ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றினால் போதும் என்ற ஆரம்பகால யோசனையும் போதாது என்று சில நாட்களிலேயே தெரிந்துவிட்டது.

புது ஜார் கிடைத்த பிறகு அதைப் போடும் விதத்திலும் சிக்கல் இருக்கிறது. பழையதை அழிக்க மனம் வராமல், பெயரோடு 'ஓல்டு' என்று சேர்த்து லைப்ரரிகள் இருக்கும் அதே 'லிப்' ஃபோல்டரில் விட்டுவிடுவார்கள். கோப்பின் பெயர் 'டாட் ஜார்' என்று முடிந்தால் டாம்கேட் அதையும் எடுத்துக்கொள்ளும். ஒரே கிளாஸ் இரண்டு ஜாரில் இருந்தால் எது முதலில் அகப்படும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. டெஸ்ட் சர்வரில் சரியாக ஓடியது, நேரடி சர்வரில் 'நோ சச் மெத்தட்' என்ற பிழையோடு விழும். விழுந்தாலாவது தெரிந்துவிடும். விழாமல் பழைய ஜாரே ஓடிக்கொண்டிருந்தால், பேட்ச் போட்டாயிற்று என்று பதிவேட்டில் மட்டும் இருக்கும்.

இதைவிட மோசம், வார் கோப்பின் பேக்கப்பை 'வெப்ஆப்ஸ்' ஃபோல்டரிலேயே வைப்பது. டாம்கேட்டில் தானாக டிப்ளாய் செய்யும் (கோப்பை எடுத்து ஓடவிடும்) வசதி இயல்பாகவே போடப்பட்டிருக்கிறது. அந்த ஃபோல்டரில் எந்த வார் விழுந்தாலும் அது ஒரு தளமாகிவிடும். ஆக, ஓட்டையுள்ள பழைய பதிப்பு வேறொரு முகவரியில் பகிரங்கமாக ஓடத் தொடங்கும். பேக்கப் எப்போதும் டாம்கேட்டின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். நேரடி சர்வரில் தானியங்கி டிப்ளாயை நிறுத்திவிடுவது இன்னும் நல்லது.

ஆப்பை டேட்டாபேஸோடு இணைக்கும் டிரைவர் போன்றவை டாம்கேட்டின் பொது 'லிப்' ஃபோல்டரிலும், ஆப்பின் சொந்த 'லிப்' ஃபோல்டரிலும் இருப்பதைப் பல சர்வர்களில் பார்க்கலாம். ஆப் முதலில் தேடுவது தன்னுடைய ஃபோல்டரில்தான். பொது இடத்தில் மட்டும் புதியதைப் போட்டால் அது ஆப்புக்குப் போய்ச் சேராது. ஒரு லைப்ரரிக்கு ஒரே இடம் என்று முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும்.

டாம்கேட்டையே மேம்படுத்தும்போது கவனம் இன்னும் தேவை. 8.5 வரிசைக்கான ஆதரவு 2024 மார்ச் 31உடன் முடிந்தது. அதை விட்டு நேராக 10க்குத் தாவியவர்கள் தளம் திறக்காமல் திகைத்தார்கள். பெரிய தளங்களுக்கான ஜாவா தரநிலையான ஜாவா எண்டர்பிரைஸின் பொறுப்பு ஆரக்கிளிடமிருந்து எக்லிப்ஸ் அறக்கட்டளைக்கு மாறியதில், நிரலுக்குள் 'ஜாவாஎக்ஸ்' என்று தொடங்கிய அதன் பேக்கேஜ் பெயர்கள் 'ஜகார்த்தா' ஆகிவிட்டன. டாம்கேட் 10 புதுப் பெயரை மட்டுமே அறியும். பழைய ஆப்பை மாற்றிக்கொடுக்க டாம்கேட் திட்டமே ஒரு கருவி தருகிறது. 'வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ' என்ற ஃபோல்டரில் போட்டால் 10 தானே மாற்றியும் கொள்ளும். எல்லா ஆப்பும் இதில் தேறிவிடாது. அவகாசம் இல்லாதவர்கள் 9இன் கடைசிப் பதிப்புக்குப் போய்விட்டு, மாற்றத்தைத் தனி வேலையாகத் திட்டமிடலாம்.

டாம்கேட்டின் சொந்தக் கோப்புகளை 'கேட்டலினா ஹோம்' என்றும், நம் செட்டிங், ஆப், லாக் ஆகியவற்றை 'கேட்டலினா பேஸ்' என்றும் பிரித்து வைக்க வழி இருக்கிறது. இதைச் செய்துவிட்டால் 9க்குள்ளேயே அடுத்தடுத்த பதிப்புக்கு மாறுவது, புதிய ஹோமைப் பக்கத்தில் விரித்து, எந்த ஹோமை ஓட்டுவது என்று காட்டும் சுட்டியைத் திருப்பி, ரீஸ்டார்ட் செய்வதோடு முடியும். பிரச்சினை என்றால் சுட்டியைப் பழைய இடத்துக்கே திருப்பிவிடலாம். ஆப்பின் புதுப் பதிப்பு டேட்டாபேஸ் அமைப்பையும் மாற்றியிருந்தால் அவ்வளவு சுலபமாகத் திரும்ப முடியாது. அதற்கு முந்தைய டேட்டாபேஸ் பேக்கப் கையில் இருந்தாக வேண்டும். ரீஸ்டார்ட் ஆனதும் லாகில் கடும்பிழையைக் குறிக்கும் 'சிவியர்' என்ற சொல் வருகிறதா என்று பார்க்காமல் இடத்தை விட்டு எழக்கூடாது.

லினக்ஸ் வகைகளான உபுண்டு, டெபியன் வழியாக நிறுவிய மென்பொருள் பேக்கேஜ்களில் வேறொரு குழப்பம். பாதுகாப்புத் திருத்தங்களைப் பழைய பதிப்பிலேயே சேர்த்து வெளியிடுவது அவர்கள் வழக்கம். எண் பழையதாகத் தெரியும், ஓட்டை அடைக்கப்பட்டிருக்கும். தணிக்கைக்கு வருகிறவர் எண்ணை மட்டும் பார்த்துச் சிவப்பு மை போட, பயந்துபோய் வேறெங்கிருந்தோ இறக்கிய கோப்பை அதன் மேல் திணிப்பார்கள். பிறகு பேக்கேஜ்களை நிறுவும் 'ஆப்ட்' கருவி வழியே வரும் திருத்தங்களை நம்ப முடியாது. பேக்கேஜின் சேஞ்ச்லாகில் (மாற்றக் குறிப்பில்) அந்த ஓட்டைக்குத் தரப்பட்ட சிவிஇ எண் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இவ்வளவுக்கும் அடிப்படை ஒரு பட்டியல்: எந்த லைப்ரரி, எந்தப் பதிப்பு, எதைச் சார்ந்து உள்ளே வந்தது. ஆப்பைத் தொகுத்து பில்ட் செய்யும் மேவன் கருவியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு 'டிபென்டென்சி ட்ரீ' கட்டளை இதைக் காட்டிவிடும். சைக்ளோன்டிஎக்ஸ் பிளகினைச் சேர்த்தால் ஒவ்வொரு பில்டின்போதும் பட்டியல் தானாக உருவாகும். நாம் நேரடியாகக் கேட்காத லைப்ரரிகள்தான் அதில் அதிகம் இருக்கும். ஒரே லைப்ரரியின் இரண்டு பதிப்புகள் போட்டியிட்டால், எது எதைச் சார்ந்தது என்று காட்டும் அந்த மரத்தில் நமக்கு அருகில் இருப்பதை மேவன் எடுக்கும். அது பழையதாக இருந்தாலும்தான். ஆகவே முக்கியமானவற்றின் பதிப்பை நாமே எழுதிப் பூட்டிவிட வேண்டும். 'ஸ்னாப்ஷாட்' எனப்படும், இன்னும் முடிவாகாத பதிப்பு நேரடி சர்வருக்கு வரவே கூடாது. ஒரே பெயரில் உள்ளடக்கம் மாறிக்கொண்டே இருப்பதால், ஓடுவது எது என்று பிறகு சொல்ல முடியாது.

அரசு, பொதுத்துறை, அத்தியாவசியச் சேவை நிறுவனங்களுக்கு இத்தகைய பட்டியல் பற்றிய வழிகாட்டுதலை மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2024 அக்டோபரிலேயே வெளியிட்டுவிட்டது. உள்ளாட்சி அமைப்புகளும் கல்லூரிகளும் கூட்டுறவு நிறுவனங்களும் மென்பொருள் வாங்கும்போது இதை ஒப்பந்தப்புள்ளியிலேயே எழுத வேண்டும். வார் கோப்போடு லைப்ரரிப் பட்டியலும் வர வேண்டும். பதிப்பு மாறும்போதெல்லாம் பட்டியலும் புதுப்பித்துத் தரப்பட வேண்டும். ஓட்டை அறிவிக்கப்பட்டால் எத்தனை நாளில் திருத்தம் தருவார்கள், ஐந்தாம் ஆண்டில் அந்த வேலைக்கு யார் பணம் கொடுப்பது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். பட்டியல் கைக்கு வந்து, அது சர்வரில் உள்ள ஜார்களோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கும் வரை கடைசித் தவணையை விடுவிக்கக் கூடாது.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்பாளர் ஒருவர்,
கோவை.