எல்.இ.டி. விளக்கின் சூடும் வானொலியின் இரைச்சலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலிடெக்னிக் கல்லூரியில் மின்னணுவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். சென்ற ஆண்டு வீட்டுக்கூடத்தில் புதிய எல்.இ.டி. விளக்கு ஒன்றை மாட்டினேன். அதைப் போட்டால் 720 கிலோஹெர்ட்ஸ் சென்னை வானொலி கரகரக்கும், அணைத்தால் தெளியும். ஓராண்டு முடிவதற்குள் அந்த விளக்கும் எரியாமல் போயிற்று. பிரித்துப் பார்த்தபோது, இரண்டு கோளாறுகளுக்கும் உள்ளேயிருந்த சிறு சர்க்யூட் போர்டின் அமைப்பே காரணம் என்று தெரிந்தது.

இத்தகைய போர்டுகளில் இருப்பது ஸ்விட்ச்சிங் ரெகுலேட்டர், அதாவது மின்னோட்டத்தை விட்டுவிட்டுச் செலுத்தி மின்னழுத்தத்தை வேண்டிய அளவுக்கு மாற்றும் சுற்று. 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைத்து 2 ஆம்பியர் தர, பழைய லீனியர் ரெகுலேட்டர் 14 வாட்டை வெறும் சூடாக்கி வீணடிக்கும். 90 விழுக்காடு திறனுள்ள ஸ்விட்ச்சிங் ரெகுலேட்டரில் அந்த இழப்பு ஏறத்தாழ 1.1 வாட்தான். ஆனால் இந்தச் சிக்கனம், மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி விடுவதால் கிடைப்பது. இந்த வெட்டல் தன் வேகத்தின் மடங்குகளிலும் வானொலி அலைகளை எழுப்பும். நொடிக்கு 60,000 முறை வெட்டினால், அதன் பன்னிரண்டாம் மடங்கு சரியாக 720 கிலோஹெர்ட்ஸில் போய் விழும்.

வெட்டுப்படும் மின்னோட்டம், மின்னேற்றத்தைத் தேக்கி வைக்கும் உள்ளீட்டுக் கெபாசிட்டர், சுவிட்சாக இயங்கும் மாஸ்ஃபெட், ஒரு திசையில் மட்டும் மின்னோட்டத்தை விடும் டையோடு ஆகிய மூன்றையும் சுற்றி ஓடுகிறது. அந்தச் சுற்றுப்பாதை எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. செப்புத்தடத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஏறத்தாழ 1 நானோஹென்றி தூண்டலை (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தன்மையை) சேர்க்கிறது. கெபாசிட்டரை 10 மில்லிமீட்டர் தள்ளி வைத்துவிட்டு, 2 ஆம்பியரை 10 நானோநொடியில் நிறுத்தினால், அந்தத் தடத்தில் மட்டும் 2 வோல்ட் துள்ளும்; இத்தகைய துள்ளல்தான் இரைச்சலாகிறது. நான் பிரித்த விளக்கில் கெபாசிட்டர் ஒரு மூலையிலும் மாஸ்ஃபெட் எதிர் மூலையிலும் இருந்தன.

சூட்டையும் இரைச்சலையும் தனித்தனியே தீர்க்க முயல்பவர்கள்தான் பெரும்பாலும் சிக்கிக்கொள்கிறார்கள். சூடு தணியட்டும் என்று மின்னழுத்தம் ஏறி இறங்கும் முனையின் செப்புப்பரப்பை அகலப்படுத்தினால், அது ஆன்டெனாவாகி இரைச்சலைப் பரப்புகிறது. இரைச்சல் குறையட்டும் என்று மாஸ்ஃபெட் திறந்து மூடும் வேகத்தைக் குறைத்தால், அது பாதி திறந்த நிலையில் கூடுதல் நேரம் நின்று மேலும் சூடாகிறது. ஆகவே அகன்ற செப்புப்பரப்பை மின்னழுத்தம் அசையாத தரை இணைப்பில் கொடுத்து, சில்லின் (சிப்) அடிப்பகுதி அந்தத் தரையோடு இணையும் வகையானால் அதன் கீழே சிறு துளைகள் இட்டுச் சூட்டை அந்தப் பரப்புக்கு இறக்கி, ஏறி இறங்கும் முனையைத் தேவையான அளவுக்கு மட்டுமே வைக்க வேண்டும். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரைச் சூடான பாகங்களிலிருந்து விலக்கி வைப்பதும் முக்கியம். 105 டிகிரி செல்சியஸில் 2,000 மணி நேரம் உழைப்பது, ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஏறத்தாழ இரு மடங்கு உழைக்கும். 75 டிகிரியில் அது 16,000 மணி நேரம். என் விளக்கில் அது காயிலை ஒட்டி நின்று, தலை புடைத்துப் போயிருந்தது.

எல்.இ.டி. விளக்குகளுக்கு நம் நாட்டில் கட்டாயமாக்கப்பட்டுள்ள ஐ.எஸ். 16102 என்ற இந்தியத் தரத்தின் முதல் பகுதி பாதுகாப்புக்கானது. வானொலி இடையூறுக்கென சி.ஐ.எஸ்.பி.ஆர். 15 என்ற பன்னாட்டுத் தரம் உள்ளது. விளக்கு அதற்கு உட்பட்டதா என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சிடச் செய்ய வேண்டும்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வகுப்பறை. நானே பல ஆண்டுகள் இந்தச் சுற்றைக் கரும்பலகையில் வரைந்து, சூத்திரங்களைச் சொல்லிக்கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டேன். வரைபடத்தில் கெபாசிட்டர் எங்கே இருந்தாலும் ஒன்றுதான், போர்டில் அப்படியல்ல என்பதைப் போதிய அளவு சொல்லவில்லை. மாணவர்கள் ஒரே வரைபடத்துக்கு இரண்டு போர்டுகள் வடிவமைத்து, இரண்டிலும் வெப்பநிலையையும் இரைச்சலையும் அளந்து ஒப்பிடும் செய்முறைப் பயிற்சியொன்றைப் பாலிடெக்னிக் பாடத்திட்டத்தில் சேர்க்குமாறு, தங்கள் நாளிதழ் வாயிலாகத் தொழில்நுட்பக் கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்னணுவியல் விரிவுரையாளர்,
தாம்பரம்.