அந்த லீ-என்ஃபீல்டை அங்கேயே விட்டுவிடு

சுங்கை சிப்புட்

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். சாயங்காலம் ஆனால் மழை. எஸ்டேட்டில் செம்பனைக் குலை வெட்ட ஆள் இல்லை என்று கிராணிமார் புலம்புகிறார்கள்.

பர்மிங்ஹாமில் வாங்கிய, சுட முடியாதபடி செயலிழக்கச் செய்த பழைய லீ-என்ஃபீல்டு ராணுவத் துப்பாக்கியை ஊருக்குக் கொண்டுவந்து ஹாலில் மாட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்.

உன் கையில் இருக்கும் புரூஃப் ஹவுஸ் (துப்பாக்கிகளைச் சோதித்து முத்திரையிடும் நிறுவனம்) சான்றிதழ் இங்கிலாந்தில்தான் செல்லும். முத்திரையும் சான்றும் இருந்தால் அது சுடாத ஆயுதம் என்று அங்கே 1988 சட்டம் ஏற்கிறது. நம் மலேசியாவின் 1960 ஆயுதச் சட்டத்திலோ உதிரிப் பாகமும் ஆயுதம்தான். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டிய 1971 சட்டத்தின் 8-ஆம் பிரிவு: 14 ஆண்டு வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. (50 வயது தாண்டிய ஆண்களுக்கு அடி இல்லை. நமக்கு அந்த ஒரு சலுகை!) சுடவே முடியாது என்று தடயவியலில் நிரூபணமானாலும் விடமாட்டார்கள். பார்வைக்குத் துப்பாக்கி என்பதால் 1960 சட்டத்தின் 36-ஆம் பிரிவில் போலி ஆயுதமாகிவிடும்: ஓராண்டு வரை சிறை, 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி.

அங்கேயே விற்பதானால் முதலில் சான்றின் தேதியைப் பார். 8 ஏப்ரல் 2016-க்கு முந்தியது என்றால் நீ வைத்துக்கொள்ளலாம். விற்கவோ அன்பளிப்பாகக் கொடுக்கவோ புதிய தரத்துக்கு மாற்றி மறுசான்று வாங்க வேண்டும். 2019 டிசம்பர் முதல் கைமாறினால் உள்துறை அமைச்சுக்கும் தெரிவிக்க வேண்டும். பழைய வேலைப்பாட்டில் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளும் தண்டு) இழுபடும், விசை சொடுக்கும். புதிய தரத்தில் எல்லாம் வெல்டிங். அதனால்தான் சேகரிப்பாளர்கள் பழையதற்கு ஏங்குகிறார்கள். 2015 ஜனவரி பாரிஸ் தாக்குதலில், வெற்றுத் தோட்டா மட்டும் வெடிக்கும்படி மாற்றி ஸ்லோவாக்கியாவில் விற்ற துப்பாக்கிகளை மீண்டும் சுடவைத்திருந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஐரோப்பா பொது விதி போட்டுவிட்டது; புதிய தரம் அதில் வந்ததுதான். ஏக்கம் புரிகிறது, ஆனால் விதி நியாயம்தான் என்பேன்.

உன் மகன் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகிறேன் என்றாலும் யோசிக்கச் சொல். அங்கே ரிசீவர்தான் (குழலும் விசையும் பொருந்தும் நடு உடல்) சட்டப்படி துப்பாக்கி. குழலை அடைத்தாலும் ரிசீவர் முழுதாக இருந்தால் இறக்குமதி அனுமதி வேண்டும். செயலிழந்த இயந்திரத் துப்பாக்கிகூட 1968-க்குப் பிறகு பதிவேட்டில் இருந்தே ஆக வேண்டும்.

இன்னொன்று, உன் தாத்தா வீட்டுப் பரணில் கிடப்பதாகச் சொன்ன ரெட்டைக் குழல் துப்பாக்கி. துருப்பிடித்தது என்று பழைய இரும்புக் கடையில் போடாதே, எண்ணெய் போட்டுத் துடைக்கவும் வேண்டாம். காரில் எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதுதான் பலர் செய்யும் தப்பு. வழியில் ரோட் பிளாக்கில் நிறுத்தினால் "ஒப்படைக்கத்தான் போகிறேன்" என்பதை யார் நம்புவார்கள்? இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போன் போடும்படி வீட்டாரிடம் சொல். அவர்களே வந்து எடுத்துக்கொள்வார்கள். பழைய லைசென்ஸ் புத்தகம் இருந்தால் தேடி எடுத்து வைக்கட்டும். ரிப்போர்ட் நகலை வாங்காமல் அவர்களை அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
மணியம்